ஒரு பைசா வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும்!

சென்னையில் முப்பது வயதைத் தாண்டிய அடுக்ககம் எதுவானாலும், அதன் பொதுக்குழுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்: “இதுல இனிமே காசு போடறது வேஸ்ட் சார். ஜேவிக்குக் கொடுத்துட்டா ஒரு பைசா செலவில்லாம புது வீடு வந்துடும்.” பில்டரோடு கூட்டாக இடித்துக் கட்டும் ‘ஜேவி’ என்ற பேச்சு வந்ததும் பாதித் தலைகள் ஆடும். மொட்டை மாடி ஒழுகுகிறது, கழிவுநீர்க் குழாய் வெடித்திருக்கிறது, பால்கனி அடியில் கம்பி தெரிகிறது. ஆனாலும் பழுதுபார்க்கும் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். பில்டர்தான் வரப்போகிறாரே!

இந்த நம்பிக்கைக்கு மூன்று கால்கள். பழைய கட்டடத்துக்கு வங்கி கடன் தராது. பழுதுபார்ப்பது கிணற்றில் போட்ட காசு. பில்டர் கட்டித்தரும் வீடு இலவசம். மூன்றும் தவறு. மூன்றாவதுதான் ஆபத்தானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓர் உதாரணக் கணக்கு. நான்கு கிரவுண்டு மனை, அதாவது 9,600 சதுர அடி. அன்றைய விதிப்படி மனைப் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்பதால் 14,400 சதுர அடி கட்டினார்கள். தலா 900 சதுர அடியில் 16 வீடுகள். ஒவ்வொருவர் பத்திரத்திலும் 600 சதுர அடி மனைப் பங்கு. எல்லாரும் யுடிஎஸ் என்று சொல்வது இதைத்தான். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அந்த ஒன்றரையை இரண்டாக்கின. அதற்கு மேலும் வேண்டுமென்றால், சாலை அகலத்துக்கு ஏற்ப, அரசுக்குக் கட்டணம் செலுத்திக் கூடுதல் தளப்பரப்பு வாங்கலாம். நம் உதாரணத்தில் அது 40 சதவிகிதம் என்று கொள்வோம். இப்போது அதே மனையில் 26,880 சதுர அடி கட்டலாம். பில்டர் என்ன சொல்கிறார்? “உங்க 900 உங்களுக்கே, புதுசா. வாடகையும் நாங்களே தர்றோம். மிச்சம் எங்களுக்கு.”

மிச்சம் என்பது 12,480 சதுர அடி. அதை வாங்கும் புதியவர்களுக்கும் மனையில் பங்கு எழுதித் தரவேண்டும் அல்லவா? பழைய 16 பேரின் மொத்தப் பங்கு 9,600-இலிருந்து ஏறக்குறைய 5,140 சதுர அடிக்கு இறங்கும். தலைக்கு 600 இருந்தது 321 ஆகும். போனது 279 சதுர அடி நிலம். அந்தப் பகுதியில் மனை சதுர அடி 10,000 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 28 லட்சம் ரூபாய். “ஒரு பைசா செலவில்லை” என்றவரிடம் நீங்கள் கொடுத்தது இதுதான்.

28 லட்சத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சதுர அடிக்கு 3,000 ரூபாய் என்று கட்டுமானச் செலவைப் போட்டால் 900 சதுர அடிக்கு 27 லட்சம். கொடுத்ததும் வாங்கியதும் அநேகமாகச் சரி. அப்படியானால் அது ஒரு நியாயமான விற்பனை. நிலத்தை விற்றுப் புது வீடு வாங்கியிருக்கிறீர்கள். விற்பனை என்று தெரிந்து செய்தால் பேரம் பேசுவீர்கள். இலவசம் என்று நம்பினால் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போடுவீர்கள். அதே கணக்கை மனை 20,000 ரூபாய் விற்கும் தெருவில் போட்டுப் பாருங்கள். போன நிலம் 56 லட்சம், வந்த கட்டுமானம் அதே 27 லட்சம். நடுவிலுள்ள 29 லட்சம் கூடுதல் பரப்பாகவோ ரொக்கமாகவோ உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். வந்ததா என்று எத்தனை சங்கங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தன?

இங்கே பில்டர் தரப்பு ஒரு வாதம் வைக்கும். “கட்டடத்துக்கு அடியில கிடக்கிற நிலத்தை உங்களால தனியா விற்க முடியுமா? எங்களாலதானே அதுக்கு விலை?” கேட்க நியாயம்போலத் தோன்றும். ஆனால் 2019-இல் உயர்ந்த தளப்பரப்பு உரிமையை அரசு பில்டருக்குக் கொடுக்கவில்லை, மனைக்குக் கொடுத்தது. மனை உங்களுடையது. உங்கள் கையெழுத்து இல்லாமல் அவரால் ஒரு செங்கல்லை வைக்க முடியாது. அவருடைய பங்களிப்பு முதலீடும் உழைப்பும் இடரும்; அதற்கு லாபம் எடுக்கட்டும், தப்பில்லை. உங்கள் பங்களிப்பைக் கணக்கிலேயே காட்டாமல் எடுப்பதுதான் தப்பு.

அந்த ‘900’-லும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய கட்டடத்தில் பொதுவிடம் என்றால் ஒரு படிக்கட்டு, ஒரு மோட்டார் அறை. புதியதில் லிஃப்ட், லாபி, ஜெனரேட்டர், காவலாளி அறை, மாடியில் பெயருக்கு ஓர் உடற்பயிற்சிக் கூடம். இவை எல்லாவற்றின் பங்கும் உங்கள் 900-க்குள் வந்து உட்காரும். குடிபோன பிறகு பழைய பீரோ படுக்கையறையில் நுழையாதபோதுதான் பலருக்கு இது விளங்குகிறது. ஒப்பந்தத்தில் கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பு, எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். ரேரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வீடு விற்பதற்கு அளவுகோலாக வைத்திருப்பதும் அதைத்தான்.

வரியும் உண்டு. நிலத்தைக் கொடுத்து வீடு வாங்கும் இந்த ஏற்பாட்டில், பணி முடிந்ததற்கான சான்று கிடைக்கும் ஆண்டில் மூலதன ஆதாயக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2017-இல் வருமான வரிச் சட்டத்தைத் திருத்தினார்கள். விலக்கு கிடைக்கலாம். ஆனால் ஆடிட்டரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவருக்கு அது தானாக வந்து சேராது. இன்னொன்று: எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் ரேராவில் பதிவாக வேண்டும். அந்தச் சட்டம் கட்டுபவரையும் விற்பவரையும் சேர்த்தே பொறுப்பாளியாக்குகிறது. மனை உரிமையாளர் என்ற முறையில் எந்த இடத்தில் உங்கள் பெயர் வருகிறது, பில்டர் நடுவில் கைவிட்டால் புது வீடு வாங்கியவர் யார்மீது வழக்குப் போடுவார் என்பதை உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். பில்டரின் வக்கீலிடம் அல்ல.

பில்டருக்கு மட்டும் பணம் எங்கிருந்து வருகிறது? கடனிலிருந்தும், புது வீட்டுக்கு முன்பதிவு செய்தவர்களின் வங்கிக் கடனிலிருந்தும். அதற்கு ஈடு உங்கள் மனை. பொது அதிகாரப் பத்திரத்தில் மனை முழுவதற்கும் அதிகாரம் கொடுத்துவிட்டு, அவர் அதை அடமானம் வைத்த பிறகு கோர்ட்டுக்கு நடப்பவர்கள் இருக்கிறார்கள். அவருக்குரிய பங்கை மட்டுமே விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் தருவது, வாடகைக்கும் பணி முடிப்பதற்கும் வங்கி உத்தரவாதம் வாங்குவது, இவை இரண்டும் இல்லாத ஒப்பந்தம் ஒப்பந்தமே இல்லை.

இனி, “பழைய கட்டடத்துக்கு வங்கி கடன் தராது” என்பதற்கு வருவோம்.

தரும். வங்கி கட்டடத்தின் வயதைக் கேட்பது உண்மை. ஆனால் அது பார்ப்பது மீதி ஆயுளை. கடன் முடியும் காலத்துக்குப் பிறகும் கட்டடம் நிற்குமா என்று மதிப்பீட்டுப் பொறியாளர் எழுதித் தரவேண்டும், அவ்வளவுதான். சென்னையில் பழைய வீட்டுக்கடன் மனுக்கள் தடுக்கிவிழும் இடம் பெரும்பாலும் வேறு. தாய்ப்பத்திரம் இல்லை, அனுமதி வாங்கிய வரைபடத்தில் மூன்றாம் மாடியே இல்லை, யுடிஎஸ் பங்குகளைக் கூட்டினால் மனையின் அளவைத் தாண்டுகிறது. இவை காகிதத்தின் நோய்கள். கட்டடத்தின் வயது பாவம், பழியை மட்டும் சுமக்கிறது.

வாங்குபவர் தடுமாறுவது இன்னொரு இடத்தில். 60 லட்சம் ரூபாய்ப் பழைய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவிகிதம்தான் உச்சம். வங்கியின் மதிப்பீடும் விலையும் ஒன்றாக இருந்தாலே 48 லட்சம். மீதி 12 லட்சம் கைப்பணம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவிகிதம். அது ஒரு 5.4 லட்சம், அதற்கும் கடன் கிடையாது. உள்ளே தரை, கழிப்பறை, ஒயரிங் என்று கைவைத்தால் இன்னும் ஐந்தாறு லட்சம். ஆக 23 லட்சம் கையிலிருந்து போன ஒருவர் குடிவந்த ஆறாம் மாதம், “மொட்டை மாடிக்கும் தூண்களுக்கும் தலைக்கு 5 லட்சம்” என்று செயலாளர் சுற்றறிக்கை அனுப்பினால் என்ன செய்வார்? சண்டை போடுவார். பழைய அடுக்ககங்கள் பழுதாகிப்போவதற்கு உப்புக்காற்றைவிட இந்தச் சண்டை பெரிய காரணம்.

இதற்குத் தீர்வு, வாங்கும் முன்பே பொதுப் பழுதின் செலவை விலையில் கழிப்பது. சங்கத்தின் கடந்த மூன்றாண்டுக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். “ஒழுகல் குறித்து விவாதிக்கப்பட்டது, ஒத்திவைக்கப்பட்டது” என்று ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தால் அது விலையைக் குறைக்க உங்கள் கையிலுள்ள ஆதாரம். தரகர்கள் யுடிஎஸ்ஸைக் காட்டி, “ரெண்டு வருஷத்துல ஜேவி போகும் சார்” என்று விலையை ஏற்றுவார்கள். அந்த இரண்டு வருடம் பல தெருக்களில் பத்து வருடமாக வரவில்லை. ஒடுக்கமான சாலை, சிறிய மனை, பார்க்கிங்குக்கு இடமில்லை என்றால் பில்டருக்குக் கணக்குக் கட்டாது. அவர் வரவே மாட்டார். வராதவரை எதிர்பார்த்துச் சுவரை ஒழுகவிடுகிறோம்.

பழுதுபார்ப்பு வீண் என்னும் வாதத்துக்கு ஒரு பாதி நியாயம் உண்டு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் அரசு கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். அப்படிப்பட்ட கட்டடத்துக்குப் பூச்சு வேலை செய்யச் சொல்பவன் குற்றவாளி. ஆனால் மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று சரிந்து 61 பேரைக் கொன்ற பதினோரு மாடி முழுப் புதுசு. கட்டி முடிக்கக்கூட இல்லை. கட்டடத்தின் பலத்தை அதன் பிறந்தநாளை வைத்துச் சொல்ல முடியாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

சோதனை ஒன்றும் மந்திரமில்லை. கான்கிரீட் இரும்புக் கம்பியைக் காப்பது தன் காரத்தன்மையால். காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைக்கும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்பும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் தண்ணீர் புகுந்தால் கம்பி துருப்பிடித்து வீங்கும், வீங்கிய கம்பி கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கார்பனேற்றம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, கம்பி எந்த அளவுக்கு அரித்திருக்கிறது, தூணுக்குள் கான்கிரீட் எத்தனை கெட்டி என்று சுத்தியல் சோதனை, ஒலியலைச் சோதனை, மாதிரி துளைத்தெடுத்தல் ஆகியவற்றால் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் சொல்லிவிடுவார். அறிக்கை “இடி” என்றால் இடிக்க வேண்டியதுதான். “பழுது பார்” என்றால் துருவை நீக்கி, கம்பி தேய்ந்த இடத்தில் புதுக்கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த சாந்தோ மைக்ரோ கான்கிரீட்டோ கொண்டு மூடி, தேவையான தூண்களுக்குச் சுற்றிலும் உறை போடலாம். நம் சங்கங்களோ முதலில் செய்வது பெயின்ட். ஒழுகும் குழாயை விட்டுவிட்டு ஈரச் சுவரில் வெளிப்பூச்சு அடித்து, அடுத்த மழையில் அது உரிந்ததும், “பாத்தீங்களா, இந்தக் கட்டடத்துல காசு போட்டா நிக்காது” என்கிறார்கள். தண்ணீரை நிறுத்துவது முதல் வேலை: மொட்டை மாடித் தளவோடு, கழிப்பறைத் தரை, டக்ட்டிலுள்ள குழாய்கள். அடுத்துத் தூணும் உத்தரமும். வண்ணம் கடைசி.  

நம் 16 வீட்டு உதாரணத்தில் இதற்கெல்லாம் 80 லட்சம் ஆகிறது என்று வைப்போம். தலைக்கு 5 லட்சம். 10 சதவிகித வட்டியில் ஏழாண்டுக் கடன் எடுத்தால் மாதத் தவணை சுமார் 8,300 ரூபாய். வட்டியோடு மொத்தம் 7 லட்சத்தைத் தொடாது. ஏற்கெனவே வீட்டுக்கடன் இருப்பவருக்கு அதன்மேல் டாப்-அப், இல்லாதவருக்கு வீடு சீரமைப்புக் கடன். இவை இல்லாத வங்கியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பக்கம் 7 லட்சம், மறுபக்கம் 28 லட்சம் பெறுமான நிலம். பழுதுபார்த்தால் புதுக் கட்டடத்தின் ஆயுள் கிடைக்காது, லிஃப்ட் வராது, கார் நிறுத்த இடம் பெருகாது; அது தெரியும். ஆனால் 7 லட்சத்தில் பதினைந்து வருடம் கிடைக்குமானால், அதுவரை 600 சதுர அடியும் உங்கள் பெயரிலேயே இருக்கும். பிறகு ஜேவிக்குப் போகலாம், அவசரமின்றி, ஒழுகாத வீட்டில் உட்கார்ந்து பேரம் பேசி. கூரை பெயர்ந்து விழும் வீட்டிலிருந்து பேசுபவர் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டுவார் என்பது பில்டருக்கு நன்றாகத் தெரியும்.

“ஓய்வூதியத்தில் வாழும் மாமிக்கு யார் கடன் கொடுப்பார்கள்?” என்ற கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். எழுபது வயதில் தவணைக் கடன் கிடைப்பது சிரமம். ஆனால் அதே கட்டடத்தில் வைப்புநிதியில் 7 சதவிகிதத்துக்குப் பணம் போட்டு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். சங்கம் அவர்களிடம் அதே வட்டிக்கோ சற்று மேலாகவோ கடன் வாங்கி, முடியாதவர்களின் பங்கைத் தற்காலிகமாகக் கட்டிவிட்டு, வீடு விற்கும்போதோ வாரிசுக்கு மாறும்போதோ வட்டியோடு வசூலித்துக்கொள்ளலாம். முத்திரைத்தாளில் எழுதி, பொதுக்குழுத் தீர்மானத்தில் ஏற்றி, பாக்கி இல்லை என்ற சான்றோடு இணைத்துவிட்டால் போதும். செலவைத் தலைக்குச் சமமாகப் பிரிக்காமல் மனைப் பங்கு விகிதத்தில் பிரித்தால் சிறிய வீட்டுக்காரரின் முணுமுணுப்பும் குறையும். இதற்கு நல்ல கணக்காளரும் பிடிவாதமான செயலாளரும் வேண்டும். பில்டரோடு மூன்று வருடம் மல்லுக்கட்டவும் அவர்கள் வேண்டும்தானே?

அரசின் பங்கைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். வீடு வாங்கவோ கட்டவோ எடுத்த கடனின் வட்டிக்கு, பழைய வரிமுறையில், சொந்தக் குடியிருப்பு என்றால் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் கழிவு. 2014-இல் அதை 1.5 லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். பழுதுபார்க்க எடுத்த கடனின் வட்டிக்கோ 30,000 ரூபாய். அது நகரவே இல்லை. அசல் தொகைக்குப் பழுதுக் கடனில் கழிவே கிடையாது. தமிழக அரசு 2023 டிசம்பர் முதல் புதிய அடுக்கக வீட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவிகிதம், 3 கோடி வரை 5 சதவிகிதம் என்று வைத்தது. பழைய வீடு வாங்குபவர் 7 கட்ட வேண்டும். பழுதுக்காகச் சங்கம் ஒவ்வோர் உறுப்பினரிடமும் மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் வசூலித்து, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவிகிதம் ஜிஎஸ்டி. இடிப்பவருக்கு வழி அகலம், காப்பவருக்கு முட்டுச்சந்து.

இதற்கு நடுவே 2022-ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். ஒரே ஒருவர் வீம்புக்கு முடக்கும் நிலை மாறியது நல்லதே. ஆனால் 16 பேரில் 11 பேர் “இலவசம்” என்று நம்பிக் கையெழுத்துப் போட்டால், கணக்குத் தெரிந்த ஐந்து பேரும் அவர்கள் பின்னால் போக வேண்டும். தவறான கணக்கின் விலை இப்போது முன்பைவிட அதிகம்.

மகாராஷ்டிரத்தில் 2019-இல் அரசாணை போட்டு, வீட்டுவசதிச் சங்கங்கள் பில்டர் இல்லாமல் தாமே இடித்துக் கட்டவும், உபரி வீடுகளைத் தாமே விற்கவும் வழிசெய்தார்கள். மும்பை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி அதற்குக் கடன் தர முன்வந்தது. அங்கே மனை கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் இருப்பது வழக்கம், அதனால் ஈடு வைப்பது எளிது. இங்கே அது பதினாறு பத்திரங்களில் சிதறிக் கிடக்கிறது. சட்டம் மனசு வைத்தால் கட்டக்கூடிய சிதறல்தான். பதிவுபெற்ற சங்கம் பொதுப் பழுதுக்குக் கடன் வாங்கவும், அந்தக் கடன் ஒவ்வொரு வீட்டின் வில்லங்கச் சான்றிலும் ஏறவும் ஒரு விதி வந்தால் எந்த வங்கியும் தயங்காது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பொதுக்குழுவில் பில்டர் படம் காட்டத் தொடங்கும் முன், கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கையை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பழுதுச் செலவும், போகப்போகும் மனைப் பங்கின் இன்றைய விலையும் எழுதிய ஒரு தாள் இருக்கட்டும். அந்தத் தாளைத் தரமுடியாத செயலாளரிடம் உங்கள் கையெழுத்தைத் தராதீர்கள்.